குரங்கு கிழித்த கார் டாப்பு

அடுத்தவர் பொருள் நம் கையில் கிழிகிற சத்தம் இருக்கிறதே, அதைப் போல ஒரு கெட்ட சத்தம் உலகத்தில் கிடையாது. சுப்பையா அதைக் கேட்டது பங்குனி மாதம், மாரியம்மன் ஊர்வலம் முடிகிற சாயங்கால நேரத்தில். 'டர்ர்ர்' என்று நீளமாக ஒரு கிழி. மேளக்காரர்கள் போட்ட போடில் பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூட அது கேட்கவில்லை. அவனுக்கு மட்டும் கேட்டது. கேட்டதோடு விடாமல், அடுத்து வந்த நாளெல்லாம் சோற்றில் கை வைத்தாலும் கேட்டது, பல் விளக்கினாலும் கேட்டது.

கிழிந்தது டீச்சரம்மா காரின் டாப்பு. பழைய ஆஸ்டின் வண்டி அது. தகரக் கூரை கிடையாது, தடித்த கித்தான் துணியில் மடக்குக் கூரை. வெயிலடித்தால் பின்னால் தள்ளி மடித்து வைக்கலாம். மழை வந்தால் இழுத்து முன்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். இசபெல்லா டீச்சரம்மா மதுரையில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டராக இருந்த வீட்டுக்காரர் காலமான பிறகு, கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் இருந்த பங்களாவுக்கு வருஷத்தில் ஒரு தடவை, சீசனுக்கு மட்டும் வருவார். டாப்பை மடக்கச் சொல்லி, முன்சீட்டில் உட்கார்ந்து, ஏரியைச் சுற்றி வருவார். மற்றபடி அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மீதி மாதங்களில் பங்களாவும் காரும் சுப்பையாவின் பொறுப்பு.

சுப்பையா சிலோனிலிருந்து வந்தவன். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லொறி கிளீனராக இருந்து, துரை பார்க்காத நேரத்தில் ஸ்டியரிங் பிடித்துப் பழகியவன். 'உங்கள் நாட்டுக்குப் போங்கள்' என்று கப்பலேற்றி அனுப்பினார்கள். அவன் பிறந்த நாடே சிலோன்தான் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? மண்டபம் முகாமில் கொஞ்ச காலம், பாச்சலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கொஞ்ச காலம், பெருமாள்மலையில் விறகு வெட்டிக் கொஞ்ச காலம். பெண்டாட்டி பெருமாயியும் இரண்டு பெண்பிள்ளைகளும் பிளாஸ்டிக் தாளுக்கடியில் குளிரில் விறைத்துக் கிடந்தார்கள். அப்போதுதான் டீச்சரம்மா டிரைவர் வேலை கொடுத்தார். பங்களாவுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த இரண்டு அறை வீட்டையும் கொடுத்தார். குடி வந்த அன்றைக்குப் பெருமாயி அடுப்புப் பற்ற வைக்காமல் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த வீடு எப்படிக் காலியானது என்பதும் சுப்பையாவுக்குத் தெரியும். முன்னால் இருந்த டிரைவர் குழந்தைவேல், டீச்சரம்மா இல்லாத சமயத்தில் அந்தக் காரில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றி மார்க்கெட்டுக்கு அடித்திருக்கிறான். சீட்டுக்கடியில் ஒரு காய்ந்த இலை கிடந்தது. அவ்வளவுதான். காலையில் இலை அகப்பட்டது, மத்தியானம் சோறு வடிக்கும் முன்னால் குழந்தைவேல் குடும்பத்தோடு ரோட்டில் நின்றான். அந்தக் கதையை டீச்சரம்மாவே சுப்பையாவிடம் சொல்லி, "என்னைக் கேக்காம எதுவும் செய்யக்கூடாது, புரியுதா?" என்று பாடம் முடிப்பதுபோல முடித்தார்.

இத்தனையும் தெரிந்தவன் எதற்கு வண்டியைத் தொட்டான் என்றுதானே கேட்கிறீர்கள்? பெருமாயியும் அதைத்தான் கேட்டாள். கேட்டுக் கேட்டு அவனைப் பிய்த்தெடுத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். செண்பகனூருக்குக் கீழே சிலோன்காரர்கள் சில குடும்பங்கள் ஒன்றாகக் குடிசை போட்டு, சின்னதாக ஒரு மாரியம்மன் கோயிலும் கட்டியிருந்தார்கள். ஊர்வலத்தன்று காலையில் மரச்சப்பரத்தின் அச்சு முறிந்துபோனது. கோயில் காரியம் பார்க்கும் தங்கமுத்து வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். வயசில் பெரியவர்.

"தம்பி, ஆத்தா தெருவுல நிக்கிறா. ஒங்க வண்டியக் கொண்டாப்பா. மேல்கூரை மடங்குற வண்டிதானே, சோடிச்சா தேராட்டம் இருக்கும்."

சுப்பையா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசிக்காததற்கும் காரணம் உண்டு. தோட்டத்தில் திருவிழா என்றால் அன்றைக்கு லொறி சாமியுடையது. துரை வெள்ளைக்காரராக இருந்தாலும் சிங்களவராக இருந்தாலும் அதுதான் வழக்கம். யாரும் போய்க் கேட்பதில்லை. காலையில் கழுவி, வாழை கட்டி, அம்மனை ஏற்றிவிடுவார்கள். அப்படியே வளர்ந்தவனுக்கு, சாமிக்கு வண்டி கொடுப்பதும் மூட்டை அடிப்பதும் ஒன்றாகத் தோன்றவில்லை.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டியாப்பா?" என்று தங்கமுத்து வாசலில் நின்று கேட்டார். "அதெல்லாம் முந்தியே சொல்லி வச்சிருக்கேன், அவுங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான் சுப்பையா. வாயில் வந்தது வந்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, ஊர்வலம் அமர்க்களமாக இருந்தது. பின்சீட்டின் மேல் பலகை போட்டு அம்மனை வைத்து, கூரையின் வளைவுக் கம்பிகளில் கட்டுக்கம்பியால் பூ வளைவைக் கட்டியிருந்தார்கள். சுப்பையா ஆமை வேகத்தில் ஓட்டினான். கோயில் வாசலுக்குத் திரும்பும் நேரத்தில் மலைக்கே உரிய குணத்தோடு சாரல் பிடித்துக்கொண்டது. அம்மன் நனைகிறாளே என்று பதறியவன், பூ வளைவின் கட்டை அவிழ்க்காமலே டாப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். கட்டுக்கம்பியின் முனை துணிக்குள் நுழைந்து, பின்னாலிருந்து முன்னால் வரை ஏறிவிட்டது. அதுதான் அந்த 'டர்ர்ர்'. ஜனம் குலவை போட்டது. இவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிழிசல் தெரியாதபடி மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடி, யாரிடமும் வாயைத் திறக்காமல் வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டான்.

"வீடு போச்சு" என்றாள் பெருமாயி, பார்த்ததும்.

முதலில் அவள்தான் கோணி ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு தையல் போட்டால் பக்கத்தில் இரண்டு விரல்கடை கிழிந்தது. வருஷக்கணக்காக மலைப்பனியைக் குடித்துக் குடித்து உளுத்துப்போன துணி. வெளியே பார்க்கக் கம்பீரமாக இருந்ததே தவிர உள்ளே ஒன்றுமில்லை. கிழிசலை மூட முடியாது, கூரையையே மாற்றியாக வேண்டும் என்று தெரிந்துபோனது. அந்த வாரமே டீச்சரம்மாவிடமிருந்து கார்டும் வந்தது. ஈஸ்டர் முடிந்ததும் வருகிறாராம். கொடைரோடு ஸ்டேஷனுக்கு வண்டியோடு வந்துவிட வேண்டுமாம்.

கொடைக்கானல் டெய்லர்கள் சட்டை தைப்பார்கள், ஸ்வெட்டருக்குக் கை வைப்பார்கள். கித்தானைக் கண்டதும் மெஷினைக் கட்டிக்கொண்டு "ஆளை விடுப்பா" என்றார்கள். கடைசியில் லாரிக்காரர் ஒருவர் சொல்லி, வத்தலக்குண்டில் லாரிப் படுதா தைக்கிற மாயாண்டியிடம் போனான். கிழிந்த டாப்போடு வண்டி மலையிறங்கியபோது, எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் டீச்சரம்மாவுக்குத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பது போலவே அவனுக்குப் பட்டது.

மாயாண்டி வண்டியைச் சுற்றி வந்து, பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "இதென்ன பெரிய சோலியா? லாரிக்கே தைக்கிறவன் நான். நாளைக்கு வெள்ளனே வா."

பச்சைப் படுதாத் துணியை வெட்டி, கம்பிகளில் பூட்டி, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிற முன்கட்டையில் ஆணியடித்து, மறுநாள் உச்சி வெயிலில் மாட்டிக் காட்டினார். தட்டினால் 'டம்' என்று சத்தம் வந்தது. அவ்வளவு இறுக்கம், அவ்வளவு நேர்த்தி. பழையது காப்பிக் கலர், இது பச்சை. அது ஒன்றுதான் குறை. சுப்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மலையேறும்போது பாட்டுக்கூடப் பாடினான், பாவம்.

அந்தச் சந்தோஷம் மலைப்பாதையில் ஊத்து என்கிற ஊர் வரைக்கும்தான். அங்கே மேகம் இறங்கி ரோட்டை மூடிக் கிடந்தது. ஈரம் பட்டதும் புதுத்துணி சுருங்க ஆரம்பித்தது. முன்கட்டைக் கொக்கி 'கிரிக் கிரிக்' என்று முனகியது. வீட்டுக்கு வந்து, என்ன ஏது என்று பார்க்கக் கொக்கியைக் கழற்றினான். கழற்றியிருக்கவே கூடாது. கட்டை வெடுக்கென்று பின்னால் ஓடியது. திரும்ப இழுத்தால் கண்ணாடிச் சட்டத்துக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி. அவன் இழுத்தான், பெருமாயி இழுத்தாள், பிள்ளைகள் இரண்டும் பின்னாலிருந்து தள்ளின. கூரை அசையவில்லை.

"ஏங்க, நாளன்னைக்கு அம்மா வர்றாங்களே" என்று பெருமாயி கேட்டாள். "தெரியும்டி, எனக்குத் தெரியாதா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தான். அவள் மேல் என்ன தப்பு? பயம் வந்தால் மனுஷன் பக்கத்தில் நிற்பவர் மேல்தான் பாய்வான்.

மறுபடி வத்தலக்குண்டு. மாயாண்டி இடைவெளியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடச்சே! தண்ணியில ஊறப்போட்டு, காயவச்சுல்ல வெட்டியிருக்கணும். லாரிப் படுதா சுருங்குனா எங்களுக்கென்ன, கயித்தை இழுத்துக் கட்டிக்கிட்டுப் போயிருவாங்க. அந்த நெனப்புலயே தைச்சுப்புட்டேன் தம்பி. மலை வண்டிங்கிறதே மறந்துபோச்சு."

"அண்ணே, நாளைக்குக் காலையில ரயில் வருது. என் பிள்ளைக்குட்டி தெருவுக்கு வந்துரும்ணே."

"அழுவாத. ஒரு ஒட்டுப் போட்டுத் தாரேன்."

சுருங்க வேண்டியது சுருங்கிவிட்டதால் இனிமேல் பயமில்லை என்று சொல்லி, முன்பக்கம் ஒரு கை அகலத்துக்குப் பட்டை வைத்துத் தைத்தார். மறுநாள் காலையில், ரயிலுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் கடைசி ஆணி இறங்கியது. கூரை பொருந்திவிட்டது. பச்சை நிறத்தையும் நெற்றியில் கட்டின பட்டையையும் மட்டும் எதைக் கொண்டு மறைப்பது? அதற்கும் பெருமாயி முந்தின நாளே வழி சொல்லியிருந்தாள்.

"குரங்கு கிழிச்சிருச்சுன்னு சொல்லிருங்க. இந்த ஊருல குரங்கு பண்ணாத சேட்டையா?"

நியாயமாகத்தான் பட்டது. கொடைக்கானலில் காணாமல் போகிற சோப்புக்கும் கிழிந்துபோகிற துணிக்கும் குரங்குதானே ஜவாப்தாரி.

டீச்சரம்மா வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக ரயிலிலிருந்து இறங்கினார். காரைப் பார்த்ததும் நின்றார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து இன்னொரு தரம் பார்த்தார்.

"என்ன சுப்பையா, வண்டி தலைப்பாகை மாத்திக்கிச்சா?"

"குரங்குங்கம்மா. ஷெட்டுக்குள்ள பூந்து டர்ருன்னு கிழிச்சிருச்சுங்க. வத்தலக்குண்டுல குடுத்துப் புதுசா போட்டுட்டேங்க."

"நீயாவா போட்டே?" அவர் குனிந்து உள்ளே ஏறி, கூரையை விரலால் தட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே."

அவ்வளவுதானா? சுப்பையாவுக்கு நம்பவே முடியவில்லை. வண்டி மலையேற ஏற அவனுக்குப் பயம் விட்டு நாக்கு நீண்டது. பேசாமல் வந்திருக்கலாம். அதுதான் நம் ஆளால் முடியாதே! பெட்டைக் குரங்கு இல்லையாம், கடுவனாம். வால் பாதி அறுந்த கடுவனாம். விரட்டப் போன பெருமாயியைப் பார்த்துப் பல்லைக் காட்டியதாம், அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினாளாம். டீச்சரம்மா சிரித்தார். அவர் சிரித்து சுப்பையா அதுவரை பார்த்ததே இல்லை. டாக்டரய்யாவின் தொப்பியை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொண்ட கதையை அவரும் சொன்னார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருமாள்மலையில் மழை கொட்டியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. "நல்லாத் தைச்சிருக்கான். மடக்குக் கூரைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார். தப்பித்தோம், வீடு நிலைத்தது, மாரியாத்தா கண் திறந்துவிட்டாள் என்று சுப்பையாவின் நெஞ்சு நிம்மதியில் விம்மியது.

செண்பகனூர் வளைவு திரும்பும்போது மேளச்சத்தம் கேட்டது.

பங்களா கேட் முன்னால் ஒரு கூட்டம். முன்னால் தங்கமுத்து, தலையில் துண்டைப் பரிவட்டமாகக் கட்டிக்கொண்டு. கையில் தாம்பாளம். அதில் தேங்காய், பழம், பூமாலை, மடித்த ஒரு புடவை. பின்னால் குலவையிடப் பொம்பளைகள். சுப்பையா பிரேக்கை மிதித்தான். தோட்டத்து வழக்கத்தில் இந்தப் பாதியை அவன் அடியோடு மறந்திருந்தான். சாமிக்கு லொறி கொடுத்த துரைக்கு, திருவிழா முடிந்ததும் முதல் மரியாதை செய்ய ஊரே திரண்டு பங்களாவுக்குப் போகும். துரை வெளியூரில் இருந்தால் வரும்வரை காத்திருந்து செய்யும். டீச்சரம்மா வருகிற தேதியைத் தங்கமுத்து விசாரித்து வைத்திருக்கிறார்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு மலையை விட்டே ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான். அதற்குள் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

"அம்மா, நீங்க நல்லா இருக்கணும்" என்று தங்கமுத்து தாம்பாளத்தை நீட்டினார். "சப்பரம் அச்சு முறிஞ்சு ஆத்தா தெருவுல நிக்க இருந்தா. நாங்க நாடு விட்டு வந்தவுக, எங்களுக்கு யாரு குடுப்பா? நீங்க மனசு வச்சு வண்டி குடுத்தீங்க. வேதக்கார அம்மாவா இருந்தும் குடுத்தீங்க. இந்த வண்டியிலதான் ஆத்தா ஊரு சுத்தி வந்தா. மழை வந்தப்பக்கூட நம்ம சுப்பையாத் தம்பி டாப்பை இழுத்து மூடி, ஆத்தா நனையாம காத்துச்சு."

டீச்சரம்மா காரிலிருந்து இறங்கி நின்றார்.

"அன்னைக்கு மழை பெய்ஞ்சுச்சா?"

"நல்ல சாரலுங்கம்மா."

அவர் நிமிர்ந்து பச்சைக் கூரையை ஒரு பார்வை பார்த்தார். சுப்பையாவின் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார். மாலையைத் தொட்டு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ரொம்பச் சந்தோஷம். அடுத்த வருஷமும் எடுத்துக்கங்க. ஆனா யார்கிட்டயும் சொல்லி விட வேண்டாம், நீங்களே எனக்கு ஒரு கார்டு போடுங்க" என்றார். ஜனம் குலவை போட்டது. இரண்டாவது தடவையாக அந்தக் குலவைக்கு நடுவே சுப்பையா செத்துப் பிழைத்தான்.

கூட்டம் கலைந்ததும், "உள்ள வா" என்றார்.

கூடத்தில் மேஜை மேல் தாம்பாளத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்புறம், "வாலறுந்த கடுவன்" என்றார் மெதுவாக.

சுப்பையா தடாலென்று காலில் விழுந்துவிட்டான். "அம்மா, வீட்டை விட்டு அனுப்பிராதீங்கம்மா. ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க. இதுக்கு மேல எங்கிட்டுப் போறதுன்னு எங்களுக்குத் தெரியாதும்மா."

"எந்திரி. உன் பிள்ளைகளை நான் ஏன் தெருவுல விடணும்? வீட்டுல இரு. தோட்டத்தைப் பாத்துக்கோ, சம்பளம் அதேதான். கார் சாவியை மட்டும் இங்க வை."

"அம்மா..."

"டாப்பு கிழிஞ்சதுக்கு இல்ல. கேக்காம எடுத்ததுக்குக்கூட ஒரு திட்டுத் திட்டியிருப்பேன், அதோட போயிருக்கும். மலையேறி வர்ற வரைக்கும் உன் பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டே வந்தேனே, சுப்பையா. அவர் தொப்பிக் கதையை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ கட்டிவிட்ட குரங்கை நம்பி அதை உன்கிட்டச் சொல்லியிருக்கேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போ."

சாவியை மேஜையில் வைத்துவிட்டு அவன் பின்பக்கமாக வெளியே வந்தான். பெருமாயி வாசலில் முந்தானையைக் கடித்தபடி நின்றாள்.

"வீடு?"

"வீடு இருக்கு."

"ஆத்தா, என்னைப் பெத்தவளே!" என்று அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உலை வைத்தாள், பிள்ளைகளை அதட்டினாள், பாட்டு மாதிரி ஏதோ முணுமுணுத்தாள். அவன் ஏன் பேயறைந்தவன் போல இருக்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. எந்தப் பயத்துக்காக இத்தனை நாள் செத்தானோ அது நடக்கவில்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை அவனுக்கு.

மறுநாள் காலையில் நல்ல வெயில். டாப்பை மடக்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி வருவதற்கென்றே அடித்த வெயில். சுப்பையா ரோஜாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோது, டீச்சரம்மா குடையும் பையுமாக அவனைத் தாண்டிப் போய், கேட்டைத் திறந்து, ரோட்டோரத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றார். பஸ் வந்தது. கூட்டத்தில் நெருக்கியடித்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். எழுபது வயசை நெருங்கியவர், படி உயரத்துக்குக் கால் எட்டாமல் ஒரு கணம் தடுமாறினார். கண்டக்டர் கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த உபகாரம் என்கிறவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போனதும் கிளாஸைக் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"என்ன சுப்பையா, புது டாப்பெல்லாம் போட்டு வச்சிருக்க, அம்மா பஸ்ஸுல போறாங்க? வண்டி ரிப்பேரா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். பேட்டரி இறங்கிவிட்டது என்றால் போதும், உபகாரம் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். சுப்பையா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கேட் வரைக்கும் நடந்து வந்தான்.

"வண்டி நல்லாத்தான் இருக்குண்ணே. நான் அவுங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். அதான் பஸ்ஸுல போறாங்க."